இரண்டு மஞ்சள் கோடுகள்

வெள்ளி மாலை.
காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்கப் பார்க்கிறது.
புன்தா அரேனாஸில் இது ஒரு செய்தியே அல்ல.

மேசையில் இரண்டு சிமிழ்கள்.
ஒன்றில் சர்க்கரை நோய் தின்ற கால்விரல்.
மற்றதில் நொல்பெர்த்தோ பர்ரியாவின்
இடுப்பைத் துளைத்தெடுத்த எலும்பு:
பென்சில் கனம், விரற்கடை நீளம்.

விரலுக்கு அமிலம்.
சுண்ணாம்பு போனால்தான் கத்தி இறங்கும்.
இடுப்புக்குச் சாராயம் மட்டும்.
‘அமிலம் கூடாது’ என்று சிமிழின்மேல் சிவப்பு மை.
எழுதியது நான்.

நண்டுப் படகில் முப்பது வருடம் இருந்தவர்.
இப்போது வாரம் மும்முறை
இரத்தத்தைக் கழுவிக்கொண்டு போகிறார்.
இரண்டு நாள் மாத்திரை, பத்து நாள் இடைவெளி,
மறுபடி இரண்டு நாள் மாத்திரை.
பால் ஆகாது என்றோம்.
பாலாடைக்கட்டியை மனைவி பூட்டியே வைத்தாராம்.

மருந்து போகிற போக்கில்
அன்றன்று முளைக்கும் எலும்பில்
ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும்.
இரு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம்?
அந்தப் பத்து நாளில்
இந்த மனிதருக்குள் ஏதாவது வளர்ந்ததா?
கேள்வி அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை
அமிலத்தில் கிடந்ததை ஊசியால் குத்தினேன்.
வெந்த கிழங்குபோல் விட்டுக்கொடுத்தது.
பழைய அமிலத்தில் ஆக்சலேட் இரண்டு சொட்டு.
வெள்ளையாய்க் கலங்கியது.
கால்சியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது,
நல்லது, என்று குறித்துக்கொண்டேன்.

பிறகுதான் வடிவம் உறைத்தது.
கால்விரலுக்கு ஏது
இவ்வளவு உருண்டையான ஓரம்?

எலும்புருக்கி என்று ஒரு நோய்க்குப் பெயர் உண்டு.
அன்று காலை அது என் பெயர்.

டாக்டர் ஒயார்சூனை வீட்டுத் தொலைபேசியில் பிடித்தேன்.
பின்னணியில் குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தம்.
சொன்னேன்.
தண்ணீர்ச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.
“மறுபடி துளைக்க வேண்டுமா, எதித்தா?”
“திங்கள் வரை பொறுங்கள்” என்றேன்,
எதை நம்பிச் சொன்னேனோ.

காலிச் சாராயச் சிமிழைக்
கழுவப் போகும்போது வெளிச்சத்தில் பிடித்தேன்.
அடியில் ஒரு சிதறல்.
அரிசி நொய் அளவு.
இடுக்கிக்கு அகப்படாமல் தங்கிவிட்டது.

திங்களன்று டாக்டர் கேட்டார்.
நொய்யைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

அதை அக்ரிலிக் பிசினில் முக்கினேன்.
சூடு காட்டினால் குமிழி விழும்,
குளிரில்தான் கல்லாக வேண்டும்.
ஒன்பது நாள். அவசரப்படுத்த வழியில்லை.

அதற்குள் அமிலத்தில் போனதையும் வீணாக்காமல்
மெழுகில் பதித்து, சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு,
சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
இளஞ்சிவப்புத் தீவுகள், நீலப் புள்ளிகள்,
திருவிழாக் காகிதம்போல் அழகு.
தேதி மட்டும் இல்லை.

பத்தாம் நாள் டங்ஸ்டன் கத்தி.
ஏழு மைக்ரான்.
சீவல் சுருண்டுகொண்டது, பூனை வால்போல.
சாராயம் தொட்ட தூரிகையால் தடவித் தடவிப்
படுக்க வைத்தேன்.
இதற்குச் சாயம் கிடையாது. இருட்டு போதும்.

புற ஊதா விளக்கு.
முதல் சீவலில் ஒன்றுமில்லை.
இரண்டாவதில் ஒரு கோடு, அல்லது என் ஆசை.
மூன்றாவது கிழிந்தது.
நான்காவதில், ஒரு மூலையில்,
கரையோரமாக,
மஞ்சள். அதன் பக்கத்தில்
இன்னொரு மஞ்சள்.

ஒரே இடம்தான்.
அளந்தேன். மூன்றுமுறை அளந்தேன்.
அறிக்கையில் எண்ணை எழுதி, அதன் கீழே:
‘மாதிரியின் பெரும்பகுதி தவறாக அமிலத்தில் போடப்பட்டது.
போட்டது எதித்தா மன்சீயா.
ஒரே இடத்து அளவு; எச்சரிக்கையோடு வாசிக்கவும்.’

வியாழக்கிழமை அவர் படுக்கைக்கே போனேன்.
குழாயில் இரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.
நடந்ததை விடாமல் சொன்னேன்.
கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
“அப்போ பாலாடைக்கட்டி வீண் போகவில்லை?”
“முழுசாகப் போகவில்லை.”

எவ்வளவு தூரம் அந்த இரண்டும், என்று கேட்டார்.
கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும்
நெருக்கிக் காட்டினேன்.
இதைவிடக் கிட்ட, என்றேன்.
இன்னும் நெருக்கினேன்.
இன்னும் கிட்ட.
தோல் தோலில் முட்டிவிட்டது.